படிவத்தில் இல்லாத மோட்டார் ரூம்

1

எனக்கு மொழிபெயர்ப்பு வேலை போய்விட்டது. திருடியதால் போகவில்லை. சண்டை போட்டதாலும் இல்லை. தம்பி இருக்கிற கோவிலம்பாக்கத்தில் வேறு மாதிரி பேசிக்கொள்கிறார்களாம். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு சேலையூரில் ஒரு வாட்ச்மேன் குடும்பத்தைத் தெருவில் நிறுத்தினேன் என்கிறார்களாம். தம்பி போனில் சொன்னான். வாயால் பதில் சொன்னால் ஆளுக்கு ஒரு விதமாகப் போகும். அதனால் எழுதுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இங்கிலீஷ் இங்கே வந்து காதால் கேட்டுக் கற்றுக்கொண்டது. தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

என் பெயர் தேசம்மா. சேலையூர், மேடவாக்கம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு என்னைத் தெரிந்திருக்கும். விடிந்ததும் கானாத்தூர் கடற்கரையில் ஏலம் எடுத்து, காலனித் தெருக்களில் கூடையில் மீன் விற்றவள். இப்போது இருப்பது குளிர் அதிகமான ஒரு ஊர். பள்ளிக்கூட கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். அதுதான் சோறு போடுகிற வேலை. மொழிபெயர்ப்பு எப்போதாவது வரும்.

வெளிநாட்டிலிருந்து ஏமாற்றிக் கூட்டி வந்து, வீட்டுக்குள் அடைத்து வேலை வாங்கப்பட்ட பெண்களுக்கு இங்கே ஒரு விடுதி இருக்கிறது. தமிழ் பேசுகிற பெண் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். இத்தனை வருஷத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்றாவது ஆள் அஞ்சலை. அவள் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நானும் அந்த விடுதியில் இருந்தவள்தான். இதை ஊரில் நான் சொன்னதில்லை. சமையல் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றுதான் உங்களுக்குத் தெரியும். இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

2

விடுதியை நடத்துவது ஒரு தொண்டு அமைப்பு. பணம் அரசாங்கத்துடையது. அந்தப் பணம் எப்படி வருகிறது என்று சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

ஒருத்தி வந்து சேர்ந்தவுடன் படுக்கை, சாப்பாடு, டாக்டர் இதற்கெல்லாம் ஒரு சின்னப் பணம் உண்டு. கொஞ்ச நாளைக்குத்தான். அதற்குள் அவள் போலீஸ் அதிகாரியிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். வழக்குக்கு ஒத்துழைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அவர் நம்பி மேலே எழுத வேண்டும். மேலிருந்து ஒரு கடிதம் வரும். இவள் கடத்தி வரப்பட்டவள், அகதிக்குத் தருவதெல்லாம் இவளுக்கும் தரலாம் என்று அரசாங்கமே சொல்கிற கடிதம். அது கையில் இருந்தால் எட்டு மாதம் உதவி வரும். வைத்தியம், வேலை தேடித் தருவது எல்லாம் உண்டு. பிறகு விசா எழுதிப் போட்டுப் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள வழி இருக்கிறது.

கடிதம் வராவிட்டால் படுக்கையைக் காலி செய்ய வேண்டும்.

கேத்தி என்று ஒரு வெள்ளைக்காரப் பெண். விடுதியில் இந்தக் காரியங்களைப் பார்ப்பவள். ஓடிக்கொண்டே சாப்பிடுவாள். "அஞ்சலைக்கு இந்த மாதக் கடைசி வரைதான் பணம்" என்று வாசலிலேயே என்னிடம் சொன்னாள்.

அஞ்சலைக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். ஒல்லி. வேலை பார்த்த வீட்டுக் குழந்தையைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றிவிட வந்தவளின் கையைப் பார்த்துவிட்டு, பஸ் ஓட்டுகிற அம்மா போலீசுக்குச் சொல்லியிருக்கிறாள். இடது கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சூடு.

அதிகாரி கேட்டார், நான் தமிழில் கேட்டேன்.

"அந்த வீட்டுப் பெண் உனக்கு என்ன வேண்டும்?"

"எங்க சித்தி பொண்ணு சார். கொழந்தைய பாத்துக்க ஒத்தாசைக்கு வந்தேன். சொந்தக்காரங்க கையில யாராவது சம்பளம் வாங்குவாங்களா?"

"கையில் என்ன?"

"இஸ்திரிப் பொட்டி பட்டுச்சு சார். நாந்தான் பாக்கல."

"பாஸ்போர்ட்?"

"அக்கா பத்திரமா வெச்சிக்கினு கீறாங்க."

"வெளியே போக விட்டார்களா?"

தலையை ஆட்டினாள். நம் ஊர் ஆட்டல். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். இங்கே தலை ஆட்டினால் எழுத மாட்டார்கள்.

"வாயால சொல்லும்மா" என்றேன்.

"போவலாம் சார். நாந்தான் போவல."

எழுதிக்கொண்டார். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியே சொன்னேன். ஒவ்வொரு வரியும் தாளில் ஏறியது. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

சித்தி பொண்ணு. ஒத்தாசை. சொந்தக்காரங்க. இது அவள் பொய் இல்லை. அவளுக்குக் கற்றுக் கொடுத்த பொய். எனக்கும் இதையேதான் கற்றுக் கொடுத்தார்கள்.

3

நான் மீன் போட்ட வீடு ஒன்றில்தான் கேட்டார்கள். மகள் அமெரிக்காவில் பிரசவித்திருக்கிறாள், போய்ப் பார்த்துக்கொள்கிறாயா என்று. புருஷன் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் ரேவதிக்கு எட்டு வயது. தம்பி வீட்டில் விட்டேன்.

ஏர்போர்ட் போகிற வழியில் காரிலேயே பாடம் நடந்தது. அந்த வீட்டம்மா முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிக் கேட்டார்கள். "யாரு நீ?" "சித்தி பொண்ணு." "எதுக்குப் போற?" "ஒத்தாசைக்கு." குரோம்பேட்டையில் ஆரம்பித்தது. பல்லாவரம் தாண்டுவதற்குள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. நன்றாகச் சொன்னேன் என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

நாலு வருஷம். அதை விவரமாக எழுதப் போவதில்லை.

வெளியே வந்த பிறகும் அதையேதான் சொன்னேன். காப்பாற்ற வந்தவர்களிடமே சொன்னேன். நம் பக்கத்தில் போலீஸ் கேட்டால் என்ன சொல்வோம்? ஒன்றுமில்லை சார் என்போம். அப்புறம் ஏர்போர்ட்டில் ஒன்று சொல்லிவிட்டு இங்கே வேறு சொன்னால் ஜெயில் என்று பயம். மூன்று மாதம் சித்தி பொண்ணாகவே இருந்தேன். சொந்தக்காரி என்றால் இவளுக்கு அரசாங்கப் பணம் கிடையாது என்று எழுதிவிட்டார்கள். படுக்கை போனது. ஒரு சர்ச்சின் நிலவறையில் படுத்தேன்.

பிறகு உண்மையைச் சொன்னேன். அதிகாரி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இதில் எது பொய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கடிதம் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

அப்படி ஒவ்வொன்றும் தள்ளிப்போய், ரேவதி இங்கே வந்தபோது அவளுக்குப் பதினைந்து. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். நல்ல பெண். குரல் உயர்த்த மாட்டாள். என் வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள் மாதிரி மரியாதையாகப் பேசுவாள்.

அதனால்தான் அஞ்சலை சொல்லச் சொல்ல எனக்கு இருப்பு கொள்ளவில்லை. அடுத்த விசாரணை வெள்ளிக்கிழமை. அன்றும் அதே பொய் தாளில் ஏறினால் அதைப் பெயர்த்தெடுப்பது கஷ்டம்.

4

விசாரணைக்கு வெளியே மொழிபெயர்ப்பாளர் அந்தப் பெண்ணோடு பேசக் கூடாது. விதி. நான் பேசினேன். விடுதி சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் நறுக்கச் சொல்லவில்லை. சும்மா உட்கார அவளுக்குத் தெரியாது.

"எந்த ஊரு?"

"ஊரப்பாக்கம்க்கா. இப்ப சேலையூர். எங்க வூட்டுக்காரரு ஏழுமலை அங்கதான் வாட்ச்மேன்."

"யார் வூட்ல?"

"அந்த அக்காவோட அம்மா வூட்லதான். பின்னால மோட்டார் ரூம் கீதுல்ல, அதுல. ரெண்டு புள்ளிங்களும் அங்கதான் கீதுங்க."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் எதுனா சொன்னா அதுங்க எங்கக்கா போவும்?"

அவ்வளவுதான் விஷயம். இஸ்திரிப் பெட்டியும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. மோட்டார் ரூம்.

சமையலறைப் பேச்சை விட்டுவிட்டு, மோட்டார் ரூமை மட்டும் கேத்தியிடம் சொன்னேன். அவள் நல்லவள், உடனே படிவத்தை எடுத்தாள். குடும்பத்தார் விலாசம் என்று ஒரு கட்டம் இருந்தது. அது யாருடைய வீடு என்று கேட்கக் கட்டம் இல்லை.

"குடும்பத்தை யாராவது மிரட்டுகிறார்களா?" என்று கேட்டாள்.

அஞ்சலையைக் கேட்டேன். "சேச்சே. அந்தம்மா பொங்கலுக்குப் புள்ளிங்களுக்குத் துணி எடுத்துக் குடுத்தாங்க" என்றாள்.

உண்மைதான். யாரும் மிரட்டவில்லை. மிரட்டத் தேவையில்லை. காலி பண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அன்று மாலையே தவலையும் பாயுமாகத் தெருவில் நிற்க வேண்டும்.

ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டேன். கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கடிதம் வந்த பிறகு என்றாள். உண்மையைச் சொன்னால்தான் கடிதம். பிள்ளைகள் பத்திரமாக இருந்தால்தான் உண்மை. கேத்தி நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "இது சிக்கல்தான்" என்றாள்.

அதிகாரிகள் வாயில் அடிக்கடி வருகிற ஒரு சொல் உண்டு. பாதிக்கப்பட்டவர். அந்தச் சொல்லுக்குள் வந்தால்தான் பணம். அதை அஞ்சலைக்கு விளக்கினேன்.

"நான் இன்னா பாதிக்கப்பட்டேன்? ஏரி ஒடைஞ்சி தண்ணி வந்தா டிவில சொல்வாங்களே, அதானக்கா பாதிக்கப்பட்டவங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பீர்க்கன்கரணைப் பக்கம் தண்ணீர் வந்து நிவாரணம் கொடுத்தபோது வரிசையில் நின்றிருக்கிறேன். முழங்கால் தண்ணீரை இடுப்பளவு என்றோம். போகாத அரிசியைப் போனதாகச் சொன்னோம். இவள் போனதையே போகவில்லை என்கிறாள்.

5

இரண்டு நாள் தட்டு கழுவினேன். கை வேலை செய்தது. கால் நிற்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். மறுநாளும் நடந்தேன். ரேவதி, "ஆர் யூ ஓகே?" என்றாள். "ஓகே" என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் போகாது.

செவ்வாய்க்கிழமை போன் கார்டு வாங்கி, தம்பி சேகரைக் கூப்பிட்டேன். அவனிடம் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டி இருக்கிறது. மீன் ஏற்றாத நேரம் வாடகைக்குச் சாமான் ஏற்றுவான்.

"டேய், வண்டி ஓடுதா?"

"ஓடுது. இன்னா, அமெரிக்காலேர்ந்து லோடு வருதா?"

"சேலையூர்ல ஒரு குடும்பத்த உன் வூட்டுக்குக் கூட்டியாரணும். மாடி ரூம் காலியாத்தான கீது?"

"காலிதான். யாரு அவங்க நமக்கு?"

"யாருமில்ல."

"யாருமில்லாதவங்கள நான் இன்னாத்துக்குக் கூட்டியாரணும்? உனக்குக் குளிர்ல மண்ட கொழம்பிச்சா?"

"ரேவதிய ஏழு வருஷம் வெச்சிக்கினு இருந்தல்ல? அப்ப கேட்டியா?"

"அது நம்ம பொண்ணு."

"இதுங்களும் யாரோ பொண்ணோட புள்ளிங்கதான். போடா."

அன்றே போனான். ஏழுமலையை எதிர் டீக்கடையில் பிடித்துப் பேசியிருக்கிறான். அவர் நம்பவில்லை என்று சேகர் போனில் சொன்னான்.

"மாசம் ஒருவாட்டி பொண்டாட்டி போன்ல பேசுதாம்க்கா. நல்லாத்தான் கீறேன்னு சொல்லுதாம். ஓனர் அம்மா செல்ல ஸ்பீக்கர்ல போட்டுக்கினு பக்கத்துல நிப்பாங்களாம். நீ யாருய்யா என் குடும்பத்த பிரிக்கன்னு என் சட்டையப் புடிச்சிட்டாரு. டீ வேற எம்மேல ஊத்திக்கிச்சி. பேஜாரா போச்சி."

இதற்கு மேல் எதையும் நான் சொல்லக் கூடாது. விசாரணையில் கேட்டது வெளியே போகக் கூடாது. அதற்கும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

"கையில சூடு வெச்சிருக்காங்கன்னு சொல்லு" என்றேன். "முழங்கைலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும். உன் சொந்தக்காரி ஒருத்தி கண்ணால பாத்தான்னு சொல்லு."

புதன்கிழமை சேகர் மறுபடி போனான். ஏழுமலை ஒன்றுதான் கேட்டாராம். "எந்தக் கை?" இடது என்றதும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். கண்ணால் பார்த்தவள்தான் எந்தக் கை என்று சொல்ல முடியும் என்றாராம். பிறகு, நாளைக்கு வீட்டுக்காரர்கள் காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்குப் போகிறார்கள், நாளைக்கு வா என்று சொல்லியிருக்கிறார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கிளம்பினார்கள். ஏழுமலை கேட் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, காக்கிச் சட்டையை மடித்து மோட்டார் மேல் வைத்துவிட்டு வந்தாராம். தொட்டியை நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தார் என்று சேகர் சொன்னான்.

"சாமான் இன்னா கீது? ரெண்டு கொடம், ஒரு தவலை, ஒரு டிவி. இதுக்கு வண்டியே தேவல. புள்ளிங்க ரெண்டும் வண்டி மேல குந்திக்கினு கேம்ப் ரோடு பூரா டாட்டா காட்டிக்கினே வந்துதுங்க."

6

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு முன்னால் அஞ்சலையிடம் சொன்னேன். உன் புருஷனும் பிள்ளைகளும் நேற்று வீடு மாறிவிட்டார்கள், என் தம்பி வீட்டில் இருக்கிறார்கள் என்று.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

"யாரக் கேட்டு?" என்றாள்.

மாடி ரூம் இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன்.

"அவரு வேல போச்சா? எட்டு வருஷ வேலக்கா! உன்ன யாரு கேட்டாங்க? நான் கேட்டனா? இப்ப நான் எதுனா சொன்னாலும் போச்சு, சொல்லலன்னாலும் போச்சு. நீயும் அவங்கள மாரியேதான் பண்ற. எல்லாத்தையும் நீயே முடிவு பண்ற."

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் கிடக்கிறது. பிள்ளைகள் தெருவில் நிற்கக் கூடாது என்று பார்த்தேன். அவளை மூலையில் தள்ளியதும் நான்தான். இரண்டும் உண்மை.

உள்ளே போனோம். அதிகாரி முதல் கேள்வியிலிருந்து ஆரம்பித்தார்.

"அந்த வீட்டுப் பெண் உனக்கு என்ன வேண்டும்?"

தமிழில் கேட்டேன். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தாள். சித்தி பொண்ணு என்று சொன்னால் அதையும் அப்படியே சொல்லியிருப்பேன். அதற்குத்தான் சம்பளம்.

"யாருமில்ல சார்" என்றாள். "அவங்க வூட்ல நான் வேலக்காரி. சொந்தம்னு சொல்லச் சொன்னாங்க."

சொன்னேன். அதிகாரி தலை நிமிர்ந்தார்.

இரண்டு மணி நேரம் பேசினாள். அழவில்லை. ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் கேட்டாள். சூடு வைத்தது எந்த மாதம் என்று கேட்டபோது, ஆடி மாதம் என்றாள். ஆடி என்றால் எப்போது என்று அவருக்கு விளக்கினேன்.

எல்லாம் முடிந்ததும் நான் சொன்னேன். "இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். இது அவள் சொன்னது இல்லை. என்னுடையது." சமையலறையில் பேசியதையும், தம்பிக்குப் போன் செய்ததையும், சூடு பற்றிச் சொன்னதையும் சொன்னேன். மறைத்தால் பின்னால் யாராவது எடுப்பார்கள். ஒரு பொய்யைத் தாளிலிருந்து எடுக்க நான் பட்டது போதும்.

அதிகாரி பேனாவை மூடினார். கேத்தியின் முகம் வெளுத்தது.

"அந்தப் பக்கத்து வக்கீல் என்ன சொல்வார் தெரியுமா?" என்றாள் வெளியே வந்து. "நீதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாய் என்பார். இன்றைக்கு அவள் சொன்னது எதற்கும் ஆகாமல் போகலாம்."

"தெரியும்."

"தெரிந்துமா?"

"சொல்லாமல் இருந்திருந்தால், நன்றாகச் செய்தாய் என்று நீ என் கையைக் குலுக்கியிருப்பாய்" என்றேன். என் இங்கிலீஷில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாள். என் மொழிபெயர்ப்பாளர் அட்டையையும் வாங்கிக்கொண்டாள்.

7

அடுத்த வாரம் திரும்பவும் முதலிலிருந்து விசாரித்தார்கள். போனில் ஒரு ஆண் மொழிபெயர்த்தார். என்னை அந்தத் தெருவுக்கே வர வேண்டாம் என்றார்கள். போகவில்லை. கேன்டீனில் அன்று இரண்டு தட்டு உடைத்தேன்.

மாதக் கடைசி வந்தது. கடிதம் வரவில்லை. படுக்கைக்கான பணம் நின்றது. அதற்குப் பிறகு ஒன்பது நாள் கேத்தி அவளை எங்கே வைத்திருந்தாள், யார் வீட்டில், யார் செலவில் என்று நான் கேட்கவில்லை. அவளும் எதையோ மீறியிருப்பாள்.

ஏழுமலை இப்போது சேகரோடு லோடு ஏற்றப் போகிறார். பிள்ளைகளைக் கோவிலம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறதாம். மாடி ரூம் சிமென்ட் ஷீட், பகலில் கொதிக்கிறதாம். அந்தக் குடும்பம் எங்கே நிற்கிறது என்று பேசுகிறவர்கள் போய்ப் பாருங்கள். மாடிப்படி வெளிப்பக்கம்தான் இருக்கிறது.

பத்தாவது நாள் கடிதம் வந்தது. நானும் இருக்க வேண்டும் என்று அஞ்சலை கேட்டாளாம். போனேன். மூலையில் ஒரு நாற்காலி காட்டினார்கள். கேத்தி கடிதத்தைப் படிக்கப் படிக்க, மேஜை மேல் ஸ்பீக்கரில் அந்த ஆண் குரல் சுத்தமான தமிழில் சொல்லிக்கொண்டு போனது. எட்டு மாதங்கள். மருத்துவ உதவி. வேலை தேட உதவி. குழந்தைகளை அழைத்துக்கொள்ளத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், காலம் ஆகலாம். கேள்வி இருக்கிறதா? அஞ்சலை இல்லை என்றாள். நன்றி சொல்லிக் குரல் போனை வைத்தது.

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் என்னைப் பார்த்துப் பேசுகிறாள்.

"அக்கா, அந்த வூட்டுப் பாப்பா நான் ஊட்டுனாத்தான் துன்னும். வேற யாரு குடுத்தாலும் துப்பிடும். இப்ப யாரு ஊட்டுவா?"

கேத்தி போனைப் பார்த்தாள். அது அணைந்திருந்தது. என்னைப் பார்த்து, என்ன கேட்கிறாள் என்றாள்.

நான் இப்போது மொழிபெயர்ப்பாளர் இல்லை. சொல்லவில்லை.